நூறு வருசம் தாங்குற வேலி

வாங்க, வாங்க. அந்தப் பக்கத்து ஊட்டப் பாக்கத்தானுங்க வந்தீங்க? கேட்டுக்கு முன்னால நின்னு சுவத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. புரோக்கரு சாவிய எடுத்துக்கிட்டு வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அந்தாளு சொன்ன நேரத்துக்கு வந்ததா நான் பாத்ததில்லீங்க. வெய்யில்ல எதுக்கு நிக்கறீங்க, இப்படி நெழல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, பிளாஸ்டிக்கு, கால் ஒண்ணு ஆடும். இதுல உக்காருங்க. நான் ரிட்டையரு ஆனப்ப மில்லுல குடுத்தது. இரும்பு. நானே ஸ்டோர்ல இருந்து பொறுக்கி எடுத்தேன்.

இருங்க இருங்க, மொதல்ல தண்ணி குடிங்க, அப்பறம் சொல்லுவீங்களாம். வளர்மதி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. குடிச்சுப் பாருங்க. எப்படி இருக்குது? எளநி மாதிரி இருக்குதில்லீங்க? அதையும் சொல்றேன்.

என்ர பேரு திருமூர்த்தி. இங்க உடுமலைப் பக்கத்து நூல் மில்லு ஒண்ணுல முப்பத்தோரு வருசம் ஸ்டோர் கீப்பரா இருந்தவன். முப்பத்தோரு வருசத்துல ஒரு நட்டு, ஒரு போல்ட்டு ரெண்டாந்தரம் உள்ள வந்ததில்லீங்க. எடுத்துக் கையில வெச்சாலே எனக்குச் சொல்லிரும், இது எத்தன வருசம் தாங்கும்னு. அந்த ஊட்டுக்காரி துளசிமணி இருக்கறாளே, அவ என்ர கூடப்பொறந்தவ. ஒரே தங்கச்சி. புரோக்கரு சொல்லலீங்களா? அதெப்படிச் சொல்லுவான். நடுவுல இத்தன ஒசரத்துக்குச் சுவரு நிக்குதே, அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனச்சுக்குவீங்கன்னு மறைச்சிருப்பான். சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாதுங்க.

அது எங்கூட்டுக்காரி வளர்மதி இருமுறா. அவளுக்குத் தூசி ஆகாது.

இந்தச் சுவத்தப் பாருங்க. ரெடிமேடு காம்பவுண்டு. பட்டறையிலயே காங்கிரீட்டுல ஸ்லாப்பு ஊத்திக் கொண்டாந்து, தூணுல காடின்னு நெட்டுக்கு ஒரு பள்ளம் உட்ருப்பாங்க, அதுல மேல இருந்து ஒவ்வொண்ணா எறக்குவாங்க. ஏழடி. இதுல ஒரே ஒரு கொறை என்னன்னா, ஆளு பலமா இருந்தா மறுக்கா மேல தூக்கிக் கழட்டிப் போடலாம். 'பின்னால வேணும்னா கழட்டிக்கலாமுங்க, அதுதான் இதுல வசதி'ன்னான் மேஸ்திரி. எனக்கு அந்த வசதி வேண்டாம்னேன். காடியெல்லாம் சிமெண்டு வெச்சு அடைக்கச் சொல்லிட்டேன். இப்ப ஆனை வந்து முட்டுனாலும் அசையாதுங்க. நூறு வருசம். எனக்கு இப்ப அறுபத்தெட்டு.

மொதல்ல நடுவுல இருந்தது கிளுவை வேலிங்க. எங்கப்பன் எடத்த எங்க ரெண்டு பேத்துக்கும் பாதிப் பாதியாப் பிரிச்சுக் குடுத்தப்ப, குச்சிய வெட்டி வரிசையா நட்டு உட்டாரு. கிளுவை தெரியுமில்ல, முள்ளு மரம், ஒடிச்சு எங்க நட்டாலும் தழைச்சுக்கும். அதுதான் அதுங்கிட்ட கொறை. வேலின்னா போட்ட எடத்துல நிக்கணுமா வேண்டாமா? இது சாயும், பம்மும், வெட்டிவிட்டா வேறொரு பக்கம் கெளம்பும். எதுலிருந்து எதுவரைக்கும் நம்ம எடம்னு ஒரு கணக்கே சொல்லாது. நடுவுல ஒரு சந்து வேற, ஒரு பொம்பளையாளு ஒருக்களிச்சு நொழையற அளவுக்கு. எங்கூட்டுக்காரியும் துளசியும் நடந்து நடந்தே உண்டாக்குனது. இங்கிருந்து ரசம் போகும், அங்கிருந்து பருப்பு வரும். எந்தக் கிண்ணம் எந்த ஊட்டுதுன்னு ரெண்டு பேத்துக்கும் தெரியாது. கேட்டாச் சிரிப்பாங்க. எழுதி வெக்காம ஒரு சாமான் எடம் மாறுனா எனக்குப் பொறுக்காதுங்க. மில்லுல அப்படியே பழகிட்டேன்.

ஆனாலும் நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவ ஊட்டுக்கு இருபத்திரண்டு வருசம் தண்ணி உட்டதே நாந்தானுங்க. என்ர போருல இருந்து, என்ர மோட்டாருல. 'அம்மிணி, தண்ணிக்கு நீ ரோட்டுக்குப் போகக்கூடாது, அண்ணன் நான் எதுக்கு இருக்கறேன்'னு ஒரு பைப்ப அக்கட்டால இழுத்து உட்டேன். ஒரு நாளு சொல்லிக் காட்டுனதில்ல.

இருமலப் பாருங்க அவளுக்கு. உள்ள பரண் மேல எதையோ இழுத்துப் போட்டுக்கிட்டு இருப்பா.

எப்ப ஆரம்பிச்சுதுன்னா, துளசி ஊட்டுக்காரரு கிட்டுசாமி போய்ச் சேந்து ஒரு வருசம் இருக்கும். புள்ளைய திருப்பூருல கட்டிக் குடுத்துட்டா, ஊட்ல தனியா இருக்கமாட்டாம ஒரு ஆடு வாங்குனா. வெள்ளச்சின்னு பேரு வெச்சா. என்ர மருமகன் கோயமுத்தூருல இருந்து வந்தப்ப ஒரு ஒட்டுக் கொய்யாச் செடி கொண்டாந்தாரு. நட்டு மூணாவது நாளு, மருமகன் இங்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கறாரு, அந்தச் சந்துல வெள்ளச்சி வந்து, எங்க கண்ணு முன்னாலயே, நாலு எல. இருந்ததே ஆறு எல. மருமகன் என்னையப் பாத்து, 'ஏன் மாமா, இன்னும் முள்ளு வேலிதானா'ன்னாரு. அதுக்குள்ள துளசி அந்தச் சந்துல தலைய நீட்டி, 'ஆடு கடிச்சாத் தழைக்குமுங்ணா, உடுங்க'ன்னு சொல்லிச் சிரிச்சா. எங்கூட்டுக்காரியும் சிரிச்சா. மருமகனும் சிரிச்சாரு.

அந்தச் சிரிப்புதானுங்க. எனக்கு ஆளு மேல கோவம் வராது. மெட்டீரியலு மேலதான் வரும்.

என்னங்க, பாக்கெட்டத் தடவுறீங்க? பீடி சிகரெட்டுன்னா வேண்டாங்க, எங்கூட்டுக்காரிக்கு ஆகாது. இல்லியா? அப்பச் சரி, இருங்க, சொல்லி முடிச்சர்றேன்.

கிளுவைய வேரோட புடுங்கி எரிச்சேன். மொதல்ல மூங்கில் படல் போட்டேன். பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு. ஒரே மழைக்காலம். மழை நின்னு பாத்தா அடியெல்லாம் கரையான். துளசி அந்தப் பக்கமிருந்து வெரலால ஒரு தட்டுத் தட்டுனா, ஒரு படல் அப்படியே என்ர கால் மேல சாஞ்சுது. 'வேணும்னு தட்டலீங்ணா'ன்னா. கரையான் தின்ன மூங்கிலுக்கு எதுக்குப் பேச்சு.

அடுத்தது கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி. அஞ்சு வரி. ஆடு நொழையாதுன்னாங்க. ஆடு நல்லாத்தான் நொழைஞ்சுது. ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல முதுகச் சிலுப்பிக்கிட்டு வந்துட்டு, கொஞ்சம் மயிர அடையாளத்துக்கு உட்டுட்டுப் போகும். மாட்டுனது நாந்தான். கோயில் நோம்பிக்குக் கட்டுன பட்டு வேட்டி, கம்பியில சிக்கி டர்ருன்னு கிழிஞ்சுபோச்சு. கிழிசலத் தெச்சுக் குடுத்தது ஆருங்கறீங்க? துளசிதான். எங்கூட்டுக்காரி எனக்குத் தெரியாமக் கொண்டுபோய்க் குடுத்திருக்கறா. தெச்ச எடமே தெரியாது, அத்தன பொடிசா ஓட்டியிருந்தா. நான் அதக் கட்டவே இல்லீங்க. பொட்டியில கெடக்குது.

அதுக்கப்பறம் செயின்லிங்க். வலைக்கம்பி. இதுல ஆடு வராது. ஆனா வேலின்னா மறைக்கணுமில்லீங்க? அந்தப் பக்கம் துளசி ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா, இந்தப் பக்கம் இவ முறத்த எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்துக்குவா. மூங்கிலாவது ஆளத் தெரியாம மறைச்சுது. இது என்னடான்னா, ரெண்டு பேரும் வலைக்கு ஆளுக்கொரு பக்கம் உக்காந்து, மத்தியானம் பூரா பேச்சு. இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்த வலையோட கண்ணு இருக்குதே, அது முருங்கக்காய்க்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரிங்க. துளசி ஒவ்வொண்ணா நீட்டுவா. இவ ஒவ்வொண்ணா உருவிக்குவா. நான் இந்தச் சேருல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். நூத்துக்கணக்குல முருங்கக்காய் வந்திருக்குமுங்க, எம் முன்னாலயே. ரெண்டே வருசத்துல அதுவும் துருப்புடிச்சுது. ரெண்டாந்தரக் கம்பி. நான் வாங்கி ஏமாந்த ஒரே சாமான் அதுதான்.

அப்பறம்தான் முடிவு பண்ணேன். இனி காங்கிரீட்டு. மேஸ்திரி வந்து பாத்துட்டு, 'நெரந்தரமாப் போடறீங்க, எதுக்கும் ஒருக்கா அளந்துட்டுப் போட்டுருங்க'ன்னான். சரின்னேன். துளசி காதுல அது எப்படியோ உழுந்து, வாசலுக்கே வந்துட்டா. 'அண்ணா, அளக்க வேண்டாங்ணா. கிளுவை இருந்த எடத்துலயே சுவரு போட்டுக்குங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல'ன்னா.

நீங்களே சொல்லுங்க, நான் ஸ்டோர் கீப்பரு. ஒருத்தரு வந்து ஸ்டாக்கு எடுக்க வேண்டாம்னா எனக்கு என்ன தோணும்? என்னமோ இருக்குதுன்னு தோணுமா இல்லீங்களா? நம்ம எடம் அந்தப் பக்கம் போயிருக்குதுடான்னு நெனச்சுக்கிட்டேன். 'இல்ல அம்மிணி, அளந்துதான் போடோணும். நாளைக்குப் புள்ளைங்க காலத்துல பேச்சு வரக்கூடாது'ன்னேன். அவ மறுக்கா ரெண்டு தடவ வந்தா. ரெண்டாவது தடவ என்ர கையப் புடிச்சுக்கிட்டு, 'சொன்னாக் கேளுங்ணா'ன்னா. நான் கைய உருவிக்கிட்டேன். என்ர கல்யாணத்துல, கூடப்பொறந்தவ செய்யற இணைச்சீருக்கு என்ர பக்கத்துல நின்ன கைங்க அது. பதினாலு வயசு அப்ப அவளுக்கு.

சர்வேயரு வந்தாரு. வரைபடத்த விரிச்சு, டேப்பப் புடிச்சு, முன்னால அளந்தாரு, பின்னால அளந்தாரு, மறுக்காவும் அளந்தாரு. முன்னால எல்லாஞ் சரி. பின்னால பொடக்காளியிலதான் நாலடி தப்பி இருந்துச்சு. அவ எங்கிட்ட இருந்து எடுத்ததில்லீங்க. நாந்தான் அவ எடத்துல இருந்தேன். துணி தொவைக்கிற கல்லு அவளுது. நான் வெச்சு வளத்த தென்னமரம் ஒண்ணு அவ எடத்துல. இருபத்திரண்டு வருசமா நான் அவளுக்குத் தண்ணி உட்டனே, அந்தப் போரு அவ எடத்துல இருக்குது.

எனக்கு ஒண்ணும் புரியல. அவதான் தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா. போரு போட்ட வருசம், தேங்காய உள்ளங்கையில வெச்சு ஊத்துப் பாக்கற ஆளு வந்தானாம். தேங்கா வேற எங்கயுமே நிக்கல, சரியா அவிய எடத்துல போயி எந்திரிச்சு நின்னுச்சாம். நான் அன்னிக்கு மில்லுல. கிட்டுசாமி யோசிச்சிருக்கறாரு. 'மச்சானுக்குத் தெரிஞ்சா அடுத்தவன் எடத்துல போரு போடமாட்டாரு, ரோசக்காரரு, தண்ணியில்லாமக் கெடப்பாரு'ன்னு, நான் ஊடு வர்றதுக்குள்ள கிளுவைய அங்க புடுங்கி, நாலடி அவிய பக்கமாத் தள்ளி நட்டுட்டாராம். ஒடிச்சு நட்டா எங்கயும் தழைச்சுக்குமில்ல, ஒரே மழையில தழைச்சுது. நான் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அதுதான் சொன்னனே, கிளுவை ஒரு வேலியே இல்லீங்க.

'ஏன் எங்கிட்டச் சொல்லல'ன்னேன். 'தண்ணி எங்கிருந்து வந்தா என்னங்ணா, ரெண்டு ஊட்டுக்கும் வந்துச்சில்ல'ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. சர்வேயரு நிக்கறாரு, மேஸ்திரி நிக்கறான். இருபத்திரண்டு வருசம் நான் குடுக்கறேன்னு நெனச்சது பூரா நான் வாங்குனது. அவமானமாப் போச்சுங்க. அவ மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல, எதுக்குக் கோவம்னும் தெரியல. 'அந்த நாலடிய உங்க பேருக்கே எழுதிக் குடுத்தர்றேங்ணா'ன்னு அழுகறா. எனக்கு அது இன்னும் ஏறிப்போச்சு. மேஸ்திரியக் கூப்புட்டு, 'சர்வேயரு நட்ட கல்லு மேலயே போடு. ஒரு அங்குலம் இங்க வரக்கூடாது, ஒரு அங்குலம் அங்க போகக்கூடாது'ன்னேன். 'ஏனுங்க, போரு அந்தப் பக்கம் போயிருமுங்களே'ன்னான். 'போகட்டும்'னேன். மேஸ்திரி எங்கூட்டுக்காரியப் பாத்தான். அவ உள்ள போயிட்டா.

தூணுக்குக் குழி தோண்டுனப்பவே பைப்பும் அந்துபோச்சு, மோட்டாரு ஒயரும் அந்துபோச்சு. சேத்துத் தர்றேன்னான். வேண்டாம்னேன். சுவரு எந்திரிச்ச அன்னிக்குச் சாயங்காலம் எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், 'இனிமே அந்தப் பக்கத்துப் பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது'ன்னு. அவளும் அன்னிக்கிருந்து ஒரு பேச்சு கொண்டாந்ததில்ல. அந்த விசயத்துல நல்லவ.

ஆத்துத் தண்ணி எங்க தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா வரும். டிரம்மு வாங்கிப் புடிச்சு வெச்சோம். ஒரு பத்து நாளு போயிருக்கும். காலையில ஆறு மணி, காப்பியோட இங்க உக்காந்திருக்கறேன். சுவத்துக்கு அந்தண்ட, 'அண்ணா, தண்ணி'ன்னு ஒரு சத்தம். ஏழடிச் சுவத்து மேல ஒரு பச்சை ஓசுக் கொழாய் எட்டிப் பாக்குது. தண்ணி கொட்டுது. அவ ஊட்டுக் கரண்டுல இருந்து ஒயரு இழுத்து மோட்டார ஓட்டியிருக்கறா. நான் எந்திரிக்கல. தண்ணி பாட்டுக்கு ஓடிப்போயி கொய்யாவுக்குப் பாஞ்சுது. ரெண்டாம் நாளும் அப்படித்தான். கொய்யா நல்லா வந்துச்சு. மூணாம் நாளு எங்கூட்டுக்காரி கொடத்தக் கொண்டுபோய் வெச்சா. நான் வாங்கலீங்க, அவ வாங்குனா. அது வேற இது வேற.

ஒண்ணரை வருசமா இதுதான் நடக்குது. ஒரு நாளு தப்புனதில்ல. அவளுக்குக் காச்சல் அடிச்ச நாளுங்கூட, தொண்ட கம்மிப் போயி, 'ண்ணா, தண்ணி'ன்னா. நான் பதில் குடுத்ததில்ல. ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அந்தச் சத்தம் கேட்டப்பறந்தான் எனக்குக் காப்பி தொண்டையில எறங்கும். அவ மூஞ்சியப் பாத்து ஒண்ணரை வருசமாச்சு. சுவத்துல ஒரு ஓட்டை ஒடசல் இருந்தாத்தான பாக்கறதுக்கு.

இப்ப நீங்க குடிச்சீங்களே, அது அந்தத் தண்ணிதான்.

அப்படி இருக்கையில, ரெண்டு மாசம் முன்னால டீக்கடையில ஒருத்தன் சொல்றான், 'உங்க தங்கச்சி ஊட்ட விக்கறாங்களாமே'ன்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. முழங்கால் வலியாம், திருப்பூருக்கு மக கூப்படறாளாம். கூப்புட்டா உடனே போயிர்றதா? அண்ணன் ஒருத்தன் பக்கத்துல இருக்கறானேன்னு நெனைக்கறதில்லையா?

அவ போகக்கூடாதுங்க. அதுக்கு நான் ஒண்ணும் தடுக்கறதில்ல. ஊட்டப் பாக்க வர்றவங்களக் கூப்புட்டு, இந்தச் சேருல உக்கார வெச்சு, உள்ளத உள்ளபடி சொல்றேன். அவ்வளவுதான். மூணு பேரு வந்தாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. உங்களுக்கும் சொல்லிர்றேன். அந்த ஊடு தெக்குப் பாத்த வாசலு. அந்தத் தென்னமரத்துப் பொந்துல நல்ல பாம்பு இருக்குது. தண்ணி ஒரே உப்பு, வாயில வெக்க முடியாது.

என்னங்க? ஆமா, இப்பக் குடிச்சீங்க. அது வேற. அது காலையில புடிச்சது.

வளர்மதி, தண்ணி குடி, இருமிக்கிட்டே இருக்கற.

எங்க உட்டேன்? ஆங், அவ போகமாட்டான்னுதான் நெனைக்கறேன். நேத்து மத்தியானம் ஒரு வண்டி வந்து நின்னுச்சு. சாமான் ஏத்துற சத்தம் கேட்டுது. பழைய சாமானக் கழிச்சுப் போடறாளாட்டம் இருக்குது. பழசக் கழிக்கறாள்னா இன்னும் இருக்கப் போறாள்னுதான அர்த்தம்? இன்னிக்குக் காலையிலயும் டாண்ணு ஆறு மணிக்குத் தண்ணி வந்துச்சு. அவ சத்தந்தான் வரல. தொண்ட கட்டியிருக்கும், பனிக்காலம். நானும் காப்பிய ஆறப் போட்டுட்டு கொஞ்ச நேரம் பாத்தேன்.

என்னங்க, மறுக்காவும் பாக்கெட்டு. சரி, எடுங்க, என்னன்னு பாக்கலாம்.

சாவியா? புரோக்கரு முன்னமே குடுத்துட்டானா? இல்ல, இது துளசி வெச்சிருக்கற சாவிங்க. இந்தச் செவப்பு நூலு மில்லு நூலு, நாந்தான் கொண்டாந்து முறுக்கிக் கட்டிக் குடுத்தேன். இது அவ இடுப்ப உட்டு எறங்காதே. உங்ககிட்ட எப்படி?

போன வாரமே உங்க பேருக்குப் பத்தரம் முடிஞ்சுபோச்சா?

அப்ப நேத்து ஏத்துனது பழைய சாமான் இல்லீங்களா.

வளர்மதி, இங்க வா. உனக்குத் தெரியுமா? அழுகறத நிறுத்திட்டுச் சொல்லு. தெரியுமா தெரியாதா? ஏன் எங்கிட்டச் சொல்லல?

கேட்டீங்களா என்ன சொல்றாள்னு? 'அந்தப் பக்கத்துப் பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க'ங்கறா. சொன்னேன். இல்லைங்கல. துளசி போறதுக்கு முந்தி நம்ம கேட்டு முன்னால வந்து நின்னாளாம். நான் இந்தச் சேருலயே தூங்கிக்கிட்டு இருந்தனாம். இவ எழுப்பப் போயிருக்கறா. 'வேண்டாங்க அண்ணி, எழுப்பாதீங்க, அண்ணன் தூங்கட்டும்'னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாளாம். அந்தக் கேட்டுல இருந்து இங்க இருபதடி இருக்குமுங்களா. அவ்வளவு கிட்டத்துல நின்னிருக்கறா.

அப்ப இன்னிக்குக் காலையில தண்ணி உட்டது ஆரு? நீங்களா?

அவ சொல்லிட்டுப் போனாளா. என்ன சொன்னா, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. 'ஊட்ட நீங்க என்ன வேணாப் பண்ணிக்குங்க, இடிச்சுக்கூடக் கட்டுங்க. காலையில ஆறு மணிக்கு அண்ணனுக்குத் தண்ணி மட்டும் உட்ருங்க.' அதத் தவர வேற ஒண்ணுமே கேக்கலையா? பத்தரத்துல எழுதலீங்களா? வெறும் வாய் வார்த்ததானா? வாய் வார்த்த எத்தன நாளைக்குங்க தாங்கும்.

இல்லீங்க, உங்களச் சொல்லல. நீங்க உடுவீங்க. பாத்தாலே தெரியுது.

அந்தப் பச்சை ஓசு இருக்குதே, அது ரெண்டாந்தரமுங்க. ஒண்ணரை வருசம் தாங்குனதே பெருசு. சுவத்து மேல மடிஞ்சு கெடக்குதுல்ல, அந்த மடிப்புலதான் வெடிக்கும். மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்றேன். சுவத்துக்கு அடியில ஒரு ஓட்டை போட்டு, இரும்புப் பைப்பே உட்ருவோம். கொஞ்சம் பெருசாவே போடச் சொல்றேன். சுவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் ஆகட்டும்.

கெளம்பறீங்களா. சரிங்க. ஊட்டப் பத்தி நான் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, தென்னமரத்துல பாம்பெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. நாளைக்குக் காலையில தண்ணி தொறந்து உடறப்ப ஒரு சத்தம் குடுத்துருங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன். சும்மா, 'அண்ணா, தண்ணி'ன்னு...

இல்லீங்க, வேண்டாம். நீங்க ஒண்ணும் கூப்புட வேண்டாம். தண்ணி உழுகற சத்தமே எனக்குக் கேக்கும்.